மதில் வேண்டாம் என்ற மந்திரி

கி.பி. 716இல் அரியணை ஏறிய பில்கே ககானுக்கு ஓர் ஆசை இருந்தது. தெற்கே ஆண்ட சீனர்களைப் போலத் தன் துருக்கிய மக்களுக்கும் மதில் சூழ்ந்த நகரம் ஒன்று கட்ட வேண்டும். அதற்குள் பௌத்தர்களுக்கும் தாவோ சமயத்தாருக்கும் கோயில்கள் எழுப்ப வேண்டும். இதை அவர் தன் மாமனாரும் மந்திரியுமான தொன்யுகுக்கிடம் சொன்னார். தொன்யுகுக் சீனர்களிடையே வளர்ந்தவர். மூன்று ககான்களுக்கு அடுத்தடுத்து ஆலோசகராக இருந்தவர். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. கேட்ட மாத்திரத்தில் அவர் மறுத்துவிட்டார்.

அவர் சொன்ன காரணங்களைச் சீனத்தின் தாங் வரலாற்று நூல்கள் பதிந்து வைத்திருக்கின்றன. தாங் பேரரசின் மக்கள்தொகையில் நூற்றில் ஒரு பங்குகூடத் துருக்கியர் தேறமாட்டார்கள். ஆனாலும் அவர்களால் எதிர்த்து நிற்க முடிகிறதென்றால், புல்லையும் நீரையும் தேடி ஓயாமல் இடம் மாறுவதும் வேட்டையில் பழகிய கையும்தான் காரணம். பலம் இருக்கும்போது பாயலாம். குறையும்போது மலைக்கும் காட்டுக்கும் ஒதுங்கிவிடலாம். மதிலுக்குள் புகுந்துகொண்டால் ஒரே ஒரு தோல்வி போதும், எல்லோரும் பிடிபட. கோயில்களின் போதனையோ மனிதனைப் பணிவுள்ளவனாக்கும். போர் செய்து பிழைக்கும் குடிக்கு அது ஆகாது. பில்கே இந்த யோசனையை ஏற்றுக்கொண்டார்.

ஆகவே நகரம் எழவில்லை. ஆனால் அதே பில்கே தன் கடைசி ஆண்டுகளில் ஒரு கல்லை நிறுத்தினார். அவர் இறந்ததும் அவருக்காக அவர் மகன் இன்னொன்றை நிறுத்தினார். மொங்கோலியாவின் நடுவே, ஓர்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கோஷோ சாய்தாம் என்னும் வெட்டவெளியில் நின்ற அந்த இரண்டு கற்களும், தொன்யுகுக் தன் பெயரால் வெட்டிவைத்த கல்வெட்டும் சேர்ந்துதான், துருக்கிய மொழி எதிலும் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நீண்ட எழுத்து. இஸ்தான்புல் முதல் கஜகஸ்தான் வரை, உஸ்பெக்கியரும் உய்குர்களும் உட்பட, இன்று துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றைப் பேசும் எவரும் தங்கள் மொழியின் எழுத்து வரலாற்றைத் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

ஓர்கோன், காங்காய் மலைத்தொடரில் பிறந்து வடக்கே ஓடுகிறது. 1,124 கிலோமீட்டர் ஓடிச் செலெங்கே ஆற்றில் கலக்கிறது. அந்த நீர் ரஷ்யாவுக்குள் பைக்கால் ஏரியைச் சேர்கிறது. மலையிறக்கத்தை விட்டு ஆறு சமவெளியைத் தொடும் இடத்தில் பள்ளத்தாக்கு அகலமாக விரிகிறது. குதிரைக்கும் ஆட்டுக்கும் வேண்டிய புல் அங்கே செழிக்கும். பின்னால் மலை, காடு. தெற்கே நடந்தால் கோபிப் பாலைவனம். அதற்கும் அப்பால் சீனம். புல்வெளி முழுவதையும் ஆள நினைப்பவன் இருக்க வேண்டிய இடம் இதுவே என்று பழைய துருக்கியர் நம்பினார்கள். இந்த வட்டாரத்தின் மலைக்காட்டை அவர்கள் ஒத்துகேன் என்று அழைத்து வணங்கினார்கள். ஒத்துகேனில் இருந்துகொண்டு வணிகக் கூட்டங்களை அனுப்பி ஆண்டால் அரசு நிலைக்கும் என்பது பில்கே தன் மக்களுக்குக் கல்லில் சொன்ன அறிவுரை. அது வெறும் பக்தி அல்ல. மேய்ச்சல், பாதுகாப்பு, வணிகப் பாதை மூன்றையும் எடைபோட்ட கணக்கு.

துருக்கியர் என்ற பெயர் வரலாற்றில் பெரிதாக எழுவது 552இல். அதுவரை ரௌரான் என்ற புல்வெளிப் பேரரசுக்கு அடங்கியிருந்த அவர்கள், பூமின் என்ற தலைவனின் கீழ் அந்தப் பேரரசை வீழ்த்தினார்கள். பூமினின் தம்பி இஸ்தெமி மேற்கே சென்றான். சில பத்தாண்டுகளில் அவர்களின் ஆட்சி மஞ்சூரியாவின் விளிம்பிலிருந்து கருங்கடல் பக்கம் வரை நீண்டது. அந்த முதல் பேரரசு தன் மொழியில் எழுதவில்லை என்பது கவனிக்க வேண்டியது. ஆர்காங்காய் மாகாணத்தில் 1956இல் கண்டெடுக்கப்பட்ட புகுத் கல்வெட்டு 580களைச் சேர்ந்தது. அதன் மூன்று முகங்களில் இருப்பது நடு ஆசிய வணிகர்களான சோக்தியரின் மொழி. நான்காவது முகத்தில் இருப்பது தமிழ் எழுத்துக்கும் மூதாதையான பிராமியின் ஒரு வடிவம். அந்தப் பிராமிப் பகுதி நெடுங்காலம் படிக்க முடியாமல் கிடந்தது. அதன் மொழி மொங்கோலியத்துக்கு உறவான ஒன்று என்று அண்மைக்கால அறிஞர்கள் படித்திருக்கிறார்கள். இந்தியாவில் பிறந்த எழுத்து காங்காய் மலையடிவாரம் வரை போயிருக்கிறது. துருக்கியனின் பேச்சு மட்டும் அவன் எழுப்பிய கல்லிலேயே இல்லை.

630இல் கிழக்குத் துருக்கியப் பேரரசைத் தாங் பேரரசர் தைசோங்கின் படை முறித்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகள் அடிமைக்காலம். பிரபுக்கள் துருக்கியப் பட்டங்களை விட்டுச் சீனப் பட்டங்களைச் சூடிக்கொண்டதையும், பிள்ளைகள் அடிமைகளானதையும், தங்களுக்கு ஒரு ககான் இல்லாமல் வேறொரு பேரரசனுக்காகப் போர் செய்ததையும் பிற்காலத்துக் கல்வெட்டு ஆறாத வருத்தத்தோடு நினைவுகூர்கிறது. 682இல் இல்தெரிஷ் ககான் கிளர்ந்தெழுந்தார். பதினேழு பேரோடு தொடங்கி, எழுபது பேராகி, எழுநூறு பேரானார்கள் என்கிறது கல்வெட்டு. அவர் இறந்தபோது மூத்த மகன் பில்கேவுக்கு எட்டு வயது, இளையவன் குல் திகினுக்கு ஏழு. சித்தப்பா கப்பகான் 716 வரை ஆண்டார். அவர் கொல்லப்பட்டதும் குல் திகின் வாளெடுத்து, எதிர்த்த உறவினரை ஒழித்து, அண்ணனை அரியணையில் அமர்த்தினான். தான் அமரவில்லை. படையை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டான்.

அந்தத் தம்பி 731இல் இறந்தான், வயது 47. அவன் நினைவுக்கு 732இல் நிறுத்தப்பட்ட கல்தான் ஓர்கோன் பள்ளத்தாக்கின் தலைமகன். மூன்று மீட்டருக்கும் மேல் உயரம். ஆமை வடிவப் பீடத்தின் மேல் நின்றது. கிழக்கு முகத்தில் 40 வரிகள். வடக்கிலும் தெற்கிலும் 13 வரிகள் வீதம். அதைச் சுற்றி மதிலிட்ட நினைவு வளாகம், உள்ளே குல் திகின், அவன் மனைவி ஆகியோரின் சிலைகள். கிழக்கே கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு வரிசையாக நட்ட கற்கள். ‘பால்பால்’ எனப்படும் இவை வென்று கொன்ற பகைவர்களைக் குறிப்பவை.

துக்கத்துக்கு வந்தவர்களின் பட்டியலும் கல்லில் இருக்கிறது. கிதான் நாட்டார், திபெத்தின் அமைச்சர், சோக்தியர், புகாராவினர், கிர்கிஸ் தலைவன், தாங் அரசரின் தூதர். ஆசியாவின் பாதி அந்தப் புல்வெளியில் வந்து அழுதிருக்கிறது. தாங் பேரரசர் சுவான்சோங் வெறும் இரங்கல் மட்டும் அனுப்பவில்லை. சிற்பிகளையும் ஓவியர்களையும் அனுப்பினார். வளாகத்தின் சுவர்களில் குல் திகினின் போர்க்காட்சிகளைத் தீட்டியவர்கள் அவர்கள்தான். கல்லின் மேற்கு முகத்தில் பேரரசர் தாமே இயற்றிய சீனப் புகழுரை செதுக்கப்பட்டது. இரு அரசர்களும் தந்தை மகன் போல என்ற உறவைக் கொண்டாடும் உரை அது.

அதே கல்லின் மற்ற முகங்களைப் படித்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போடும். சீனரின் இனிய பேச்சிலும் மெல்லிய பட்டிலும் மயங்கி அவர்கள் அருகே குடியேறிய துருக்கியர் எத்தனையோ பேர் மாண்டார்கள், இனியும் அப்படிப் போனால் மாள்வீர்கள் என்று பில்கே தன் மக்களை எச்சரிக்கிறார். பசித்தபோது நிறைவை நினைப்பதில்லை, நிறைந்தபோது பசியை நினைப்பதில்லை என்று கடிந்துகொள்கிறார். ஒரே கல்லில், சீனச் சிற்பியின் கை பட்ட அதே கல்லில், ஒருபுறம் உறவு, மறுபுறம் எச்சரிக்கை. சீனத் தூதர் எவரும் துருக்கிய எழுத்தைப் படித்திருக்க மாட்டார். புல்வெளி வீரர்களில் பெரும்பாலோர் சீன எழுத்தைப் படித்திருக்க மாட்டார்கள். கல் இருவருக்கும் தனித்தனியாகப் பேசியது.

அரசியல் பேச்சோடு அது நிற்கவில்லை. குல் திகின் எந்தப் போரில் எந்தக் குதிரையில் ஏறினான், எந்தக் குதிரை எங்கே விழுந்தது என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறது. கடைசியில் தாயும் மனைவியரும் உறவினரும் இருந்த பாசறையைப் பகைவர் சூழ்ந்தபோது, வெள்ளைக் குதிரையில் ஏறி ஒன்பது பேரை வீழ்த்திப் பாசறையைக் காத்ததையும் சொல்கிறது. அவன் இல்லையென்றால் நீங்கள் எல்லோரும் செத்திருப்பீர்கள் என்று அண்ணன் வெளிப்படையாக எழுதவைக்கிறார். பிறகு தன் கண் பார்த்தும் பாராததுபோல் ஆனதையும், அறிவு மங்கியதையும் மறைக்காமல் சொல்கிறார். அரசர்களின் கல்வெட்டு என்றால் பட்டமும் வெற்றியும் கொடையும்தான் இருக்கும். தம்பியை இழந்தவன் உடைந்து பேசும் குரல் கல்லில் கிடைப்பது அரிது. இந்தக் கல்லை உலகின் பெரிய கல்வெட்டுகளின் வரிசையில் வைக்க இந்த ஓர் இடமே போதும்.

இதை எழுதியவன் பெயரும் தெரியும். அரச குடும்பத்தைச் சேர்ந்த யொல்லுக் திகின், இருபது நாள் உட்கார்ந்து எழுதியதாகத் தன் கணக்கைப் பதிந்திருக்கிறான். 734இல் பில்கே தன் அமைச்சன் ஒருவன் வைத்த நஞ்சால் இறந்தார். அவருக்கான கல்லை 735இல் நிறுத்தியபோது அதற்கு ஒரு மாதமும் நான்கு நாளும் ஆயின என்று அதே யொல்லுக் திகின் குறிக்கிறான். துருக்கிய மொழியில் பெயர் தெரிந்த முதல் எழுத்தாளர்களுள் ஒருவன் இவன்.

பத்தே ஆண்டுகளில் அரசு போயிற்று. 744இல் இன்னொரு துருக்கியக் குடியான உய்குர்கள் ஓர்கோனைப் பிடித்தார்கள். தொன்யுகுக் தடுத்ததை அவர்கள் செய்தார்கள். கோஷோ சாய்தாமிலிருந்து வெகு தொலைவில் இல்லாத இடத்தில், ஓர்து பாலிக் என்ற தலைநகரை எழுப்பினார்கள். இன்று கராபல்காசுன் என்று அழைக்கப்படும் அதன் கோட்டை மட்டுமே ஏறத்தாழ 400 மீட்டருக்கு 360 மீட்டர். அதைச் சுற்றிய நகரம் முப்பது சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்திருந்ததாக ஜெர்மானிய, மொங்கோலியத் தொல்லியலாளர்கள் அளந்திருக்கிறார்கள். இந்தச் செல்வம் வந்த வழி தெளிவானது. 755இல் ஆன் லூஷானின் கலகத்தால் தாங் பேரரசு ஆட்டம் கண்டபோது அதன் தலைநகரங்களை மீட்க உதவியவர்கள் உய்குர்கள். கைம்மாறாகக் குதிரைக்குப் பட்டு என்ற வணிகம் நடந்தது. ஒரு குதிரைக்கு நாற்பது சுருள் பட்டு என்று சீன நூல்கள் நொந்துகொள்கின்றன.

762இல் போகு ககான் சீனத்தில் சந்தித்த மானி சமயத்துக் குருமார்களைத் தன்னோடு அழைத்து வந்தார். அந்தச் சமயத்தை அரச சமயமாக ஏற்றார். மானியின் சமயத்தை அரச சமயமாகக் கொண்ட பேரரசு வரலாற்றில் இது ஒன்றுதான். 821 வாக்கில் வந்த அரபுப் பயணி தமீம் இப்னு பஹர், பன்னிரண்டு இரும்புக் கதவுகள் கொண்ட நகரத்தையும், மன்னனின் அரண்மனைக்கு மேல் தொலைவிலிருந்தே தெரிந்த பொற்கூடாரத்தையும் வருணிக்கிறார். நகரத்துக்குள் வாழ்ந்தபோதும் கூடாரத்தை அவர்களால் விட முடியவில்லை. அதைக் கூரைமேல் ஏற்றிவைத்தார்கள்.

839இல் கடும் பனியும் பஞ்சமும் நோயும் கால்நடைகளை வாரிக்கொண்டு போயின. அடுத்த ஆண்டு, உள்பகை கொண்ட ஓர் உய்குர் தளபதியின் அழைப்பில் வடக்கேயிருந்து கிர்கிஸ் குதிரைப்படை இறங்கியது. ஓர்து பாலிக் எரிந்தது. ககான் கொல்லப்பட்டார். மிஞ்சியவர்கள் துர்பானுக்கும் கான்சுவுக்கும் ஓடினார்கள். தொன்யுகுக் சொன்ன ‘ஒரே ஒரு தோல்வி’ நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, வேறொரு குடிக்கு, அவர் சொன்னபடியே நேர்ந்தது.

ஆனாலும் பள்ளத்தாக்கின் மதிப்பு குறையவில்லை. 13ஆம் நூற்றாண்டில் மொங்கோலியரும் தலைநகருக்கு இதே இடத்தைத்தான் தேர்ந்தார்கள். செங்கிஸ் கான் காலத்திலேயே முகாமிட்ட காரகோருமுக்கு 1235இல் அவர் மகன் ஒகொதேய் மதிலும் அரண்மனையும் கட்டினார். 1254இல் அங்கே வந்த பிரான்சிஸ்கன் துறவி ரூப்ருக் வில்லியம், பன்னிரண்டு கோயில்களும் இரண்டு மசூதிகளும் ஒரு தேவாலயமும் இருந்ததை எழுதியிருக்கிறார். பழைய துருக்கியரின் நினைவை மொங்கோலியர் அறிந்தே தேர்ந்தார்களா என்று கேட்டால், ஆம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி, ஒகொதேய் காலத்தில் ஓர்து பாலிக் இடிபாடுகளில் எழுத்துள்ள கற்கள் கிடைத்ததையும், படிக்கச் சீன நாட்டார் அழைக்கப்பட்டதையும் சொல்கிறார். கல் இருந்தது; தாங்களே படிக்க அங்கே ஆள் இல்லை. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிங் படை காரகோருமையும் அழித்தது. 1580களில் அப்தாய் சாயின் கான் அதன் இடிபாட்டுக் கற்களைக் கொண்டு எர்தேன் ஸூ மடாலயத்தை எழுப்பினார். நூற்றுக்கும் மேற்பட்ட தூபிகள் அமைந்த அதன் மதில் இன்றும் நிற்கிறது.

கோஷோ சாய்தாம் கற்களை வெளியுலகம் மறுபடி கண்டது 1889இல், ரஷ்ய ஆய்வாளர் நிக்கொலாய் யாத்ரிந்த்சேவின் கண்ணில் பட்டபோது. இதே வகை எழுத்து அதற்கு முன்பே சைபீரியாவின் யெனிசேய் கரையில் கிடைத்திருந்தது. போல்தாவா போரில் ரஷ்யரிடம் சிறைப்பட்ட ஸ்வீடன் அதிகாரி ஸ்ட்ராலென்பெர்க் 1730இல் அதைப் பதிப்பித்திருந்தார். யாருடைய எழுத்து என்று யாருக்கும் தெரியாது. ஸ்காண்டிநேவிய ரூன் எழுத்துகளின் சாயல் இருந்ததால் ஐரோப்பியர் பல கற்பனைகள் செய்தனர். இது தங்கள் பின்னிய முன்னோரின் எழுத்தாக இருக்கலாம் என்று பின்லாந்து அறிஞர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையே 1890இல் ஆக்செல் ஹைக்கெலின் குழுவை ஓர்கோனுக்கு அனுப்பியது. மறு ஆண்டு ரஷ்யாவிலிருந்து வில்ஹெல்ம் ராத்லோவின் குழு வந்தது. இரு தரப்பும் படியெடுத்த எழுத்துகள் 1892இல் பெரிய படநூல்களாக வெளிவந்தன.

அவற்றைக் கோபன்ஹேகனில் தன் அறையிலிருந்தே படித்தவர் டென்மார்க்கின் மொழியறிஞர் வில்ஹெல்ம் தோம்சென். அவர் ஓர்கோனைப் பார்த்ததே இல்லை. சீனப் பகுதி, இது குல் திகினின் கல் என்பதை உறுதிசெய்திருந்தது. எழுத்து வலமிருந்து இடமாகச் செல்கிறது என்று தோம்சென் முதலில் நிறுவினார். பிறகு எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது வருகிறது என்று எண்ணினார். மெய்யெழுத்துகள் பலவற்றுக்கு இரண்டிரண்டு வடிவங்கள் இருந்தன. ஒன்று ஒருவகை உயிரோடும் மற்றது வேறுவகை உயிரோடும் மட்டுமே வந்தன. ஒரு சொல்லுக்குள் உயிர்கள் ஒரே இனமாக அமையும் துருக்கிய மொழிகளின் இயல்புக்கு இது அப்படியே பொருந்தியது. அடிக்கடி வந்த ஒரு சொல்லை ‘தெங்ரி’ என்று படித்தார். வானம், தெய்வம் என்று பொருள். அடுத்துக் குல் திகின் என்ற பெயர் விழுந்தது. பிறகு ‘துருக்’. 38 எழுத்துகளின் பூட்டும் திறந்தது. 1893 டிசம்பர் 15 அன்று டென்மார்க் அறிவியல் கழகத்தில் தன் முடிவை அவர் அறிவித்தார். கல் நிறுத்தப்பட்டு 1,161 ஆண்டுகள் கழிந்திருந்தன.

மண்ணுக்கடியில் இருந்தவையும் மெல்ல வெளிவந்தன. 1958இல் லூமிர் யிஸ்ல் தலைமையிலான செக்கோஸ்லோவாக்கிய, மொங்கோலியக் குழு குல் திகின் சிலையின் பளிங்குத் தலையைக் கண்டெடுத்தது; முடியில் சிறகு விரித்த பறவை. 2001இல் துருக்கியும் மொங்கோலியாவும் சேர்ந்து பில்கேவின் நினைவு வளாகத்தைத் தோண்டியபோது பொன்முடியும் வெள்ளி மான்களும் பொன், வெள்ளிப் பாத்திரங்களும் கிடைத்தன. இன்று அவை உலான்பாதரின் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. இரு கற்களும் வெயிலையும் பனியையும் விட்டு, கோஷோ சாய்தாமிலேயே துருக்கி அரசு கட்டித்தந்த அருங்காட்சியகத்துக்குள் போய்விட்டன. கார்கோரின் ஊரிலிருந்து அங்கே செல்லும் தார்ச்சாலையும் துருக்கி போட்டதே. அந்தக் கற்களின் நகல்கள் அங்காராவிலும் அஸ்தானாவிலும் நிற்கின்றன.

மொழியால் கற்கள் துருக்கியருடையவை, மண்ணால் மொங்கோலியருடையவை. இந்த இரட்டை உரிமை சச்சரவாகாமல் கூட்டு வேலையாக நடந்துவருவது பாராட்டத்தக்கது. 2004இல் யுனெஸ்கோ 1,21,967 ஹெக்டேர் பரப்பை ‘ஓர்கோன் பள்ளத்தாக்குப் பண்பாட்டு நிலப்பரப்பு’ என்று உலக மரபுச் சொத்தாக அறிவித்தது. தனித்தனிச் சின்னங்களை மட்டும் பட்டியலிடாமல் மேய்ச்சல் நிலத்தையும் சேர்த்தது சரியான முடிவு. ஆற்றின் இரு கரையிலும் இன்றும் வெள்ளைக் கூடாரங்களும் குதிரை மந்தைகளும் இருக்கின்றன. பில்கேவின் கல் யாருக்காகப் பேசியதோ அந்த வாழ்க்கை முறை அங்கே இன்னும் நின்றுபோகவில்லை.

இப்போது அங்கே மறுபடி நகரப் பேச்சு எழுந்திருக்கிறது. நாட்டின் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் உலான்பாதரில் நெருக்கியடிக்கிறார்கள். குளிர்காலத்தில் நிலக்கரிப் புகை நகரை மூடுகிறது. பழைய தலைநகரான காரகோருமை மீட்டெழுப்ப அதிபர் ஹூரெல்சூக் 2022 டிசம்பரில் ஆணை பிறப்பித்தார்; ஓர்கோன் பள்ளத்தாக்கில் புதிய நகரம் ஒன்றுக்குத் திட்டம் வகுக்கப்படுகிறது. நெருக்கடி உண்மையானது, புதிய நகரம் தேவையாகவும் இருக்கலாம். ஆனால் ஓர்து பாலிக்கின் பெரும்பகுதி இன்னும் தோண்டப்படாமல் புல்லுக்கடியில் கிடக்கிறது. சாலைக்கும் கட்டடத்துக்கும் அளவுக்கல் நடுவதற்கு முன், தொல்லியலாளர்கள் அந்த நிலத்தை முழுமையாக அளந்து முடிக்க அவகாசம் தர வேண்டும். மேய்ச்சல்காரக் குடும்பங்களை அந்த நிலத்திலிருந்து அகற்றாமல் திட்டம் போட வேண்டும். இந்த இரண்டையும் மொங்கோலிய அரசு சட்டத்தில் எழுதி உறுதி செய்ய வேண்டும்.